பாய்லர் இல்லாத எஞ்சின்

நான் வந்த பிறகு எங்கள் வீட்டில் கார் இருந்ததே இல்லை. காருக்கான ஸ்பேர் மட்டும் இருந்தது. கல்யாணமாகி மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு வந்த புதிதில், டிரங்குப் பெட்டியைத் தள்ளி வைக்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஹெட்லைட் வளையங்கள், கதவுக் கைப்பிடிகள், கார்புரேட்டர்கள் என்று ஒரு முழுக் காரே அங்கே துண்டு துண்டாகப் படுத்திருந்தது. பெட்டிக்கு இடமில்லை. அன்றைக்கே எனக்கும் அந்த இரும்புக்கும் ஆகாமல் போயிற்று.

என் மாமனார் ஒரு ஹெரால்டு காரை வாடகைக்கு ஓட்டியவர். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றிப் போவார். அந்த வண்டி செய்வதையே நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும், நாளைக்கு ஒரு நட்டுக்கு அலையக் கூடாதென்று கண்ட இடத்திலெல்லாம் ஸ்பேர் வாங்கிச் சேர்த்தார். கடைசியில் உப்புக்காற்றில் அடித்தகடு இற்றுப்போய் கார் காயலான் கடைக்குப் போனது. ஸ்பேர் மகனுக்கு வந்தது.

தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன். உனக்கு என்னா தெரியும்?”

“செத்த யானைய என் கட்டிலுக்கு அடியிலயா போட்டு வைக்கணும்?”

இந்தச் சண்டை வருஷக்கணக்காக ஓடியது. யாருக்கும் காயமில்லாத சண்டை அது. காயம் வேறு இடத்திலிருந்து வந்தது.

அவர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தார். இரண்டு பக்கச் சொந்தத்திலும் எந்த மோட்டார் நின்றாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். என் தம்பி பண்ருட்டிப் பக்கம் சின்னதாக ஒரு முந்திரிக் கொட்டகை வைத்திருந்தான். கொட்டையை ஆவியில் அவித்து, உடைத்து, பருப்பெடுக்கிற தொழில். ஆவிக்கு ஒரு பாய்லர் உண்டு. ஒரு நாள் காலையில் அவனிடமிருந்து போன் வந்தது. பாய்லரின் சேஃப்டி வால்வு விடாமல் கசிகிறது, ஆவியெல்லாம் வீணாகிறது, என்ன செய்யலாம் மாமா என்று கேட்டான். இவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“ஸ்பிரிங் தளந்துருக்கும். ஒரு சுத்து இறுக்கி வுடு மச்சான், சரியாப் பூடும்” என்றார்.

தம்பி இறுக்கிவிட்டான். ஸ்பிரிங் தளரவில்லை. உள்ளே அழுத்தம் ஏறியதால்தான் வால்வு கசிந்திருக்கிறது. அழுத்த மீட்டர்தான் தப்பாகக் காட்டியிருக்கிறது. மதியம் மூடி பிய்த்துக்கொண்டது. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்ததால் பிழைத்தார்கள். தம்பிக்கு வலது கை முழுவதும், கழுத்து வரைக்கும் வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் இவர் இளநீரோடு போய் நின்றார். டாக்டரிடம் பேசினார், மருந்துக்கு ஓடினார், வார்டு ஃபேனைக்கூட ரிப்பேர் செய்து கொடுத்தார். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தம்பியும் கேட்கவில்லை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், “பழைய பாய்லரு, பூட்டுச்சி” என்றே சொன்னான். அந்த போன் பேச்சு எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காட்டிக்கொடுக்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

கொட்டகை மூடிக் கிடந்தது. விரல் மடங்காத கையோடு தம்பி சிதம்பரத்தில், கீழ வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் கவுண்டரில் உட்கார்ந்தான். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டான். அதற்குப் பிறகு கடலூருக்கு வரவில்லை. பொங்கல் சீர் மட்டும் தவறவில்லை. கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையும் சிதம்பரம் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கின. கண்டக்டர் கையிலிருந்து பிறந்த வீட்டுச் சீரை வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலேயே நின்று அழுதவள் நான்.

அடுத்து இவர் ரிடையர் ஆனார். வீட்டில் உட்கார்ந்தவர், பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு, ஓர் எஞ்சின் செய்யப் போகிறேன் என்றார். பெட்ரோல் வேண்டாம், டீசல் வேண்டாம். முந்திரி ஓட்டை எரித்து அந்தச் சூட்டில் ஓடுகிற எஞ்சின். சிலிண்டரின் ஒரு முனையைச் சூடாக்கி மறுமுனையைத் தண்ணீரில் குளிர வைத்தால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து சுருங்கி பிஸ்டனைத் தள்ளுமாம். சொல்லும்போது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை.

“இதுல பாய்லரே கிடையாது. ஆவி கிடையாது. வெடிக்க ஒன்னுமே இல்ல. காத்தாடி ஓட்டலாம், உடைக்கிற மெஷின ஓட்டலாம். கொட்டகைய மறுபடி தொறக்கலாம்.”

யாருடைய கொட்டகை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செலவுக்கு ஸ்பேரை விற்க ஆரம்பித்தார். சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான். பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டதும் ஆட்கள் மொய்த்தார்கள். புதுச்சேரியிலிருந்து ஒருவர் ஹெட்லைட் வளையத்தைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரருக்குப் பேரம் பேசத் தெரியாது. கேட்ட விலைக்குத் தலையாட்டிவிடுவார். அதனால் நானே இறங்கினேன். காய்கறிக்காரரிடம் பழகிய வாய், கார்புரேட்டருக்கும் செல்லுபடியானது. சாக்குத் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் கட்டி, பஸ்ஸில் போட்டு அனுப்புவதும் என் வேலையாயிற்று.

கட்டிலுக்கு அடியில் இடம் கிடைக்கக் கிடைக்க எனக்கு வயிறெரிந்தது. இரும்பு போகிறதே என்று இல்லை. ஒரு வார்த்தை சொல்ல வாய் வராத மனுஷன், அதற்குப் பதிலாக ஓர் எஞ்சினையே செய்துகொண்டிருக்கிறாரே என்றுதான். அப்பா சேர்த்ததையெல்லாம் அழித்து, கையைச் சுட்டுக்கொண்டு, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் லேத்துப் பட்டறை தேடி அலைந்தார். சிதம்பரத்துக்கு மட்டும் பஸ் ஏறவில்லை. சிரித்த முகம் காணாமல் போயிற்று. சாப்பிடும்போது போன் அடித்தால் ஒரு கணம் கை அப்படியே நின்றுவிடும்.

கடைசியாக மிஞ்சியது ஒரு கிராங்க் ஷாஃப்ட், எஞ்சினுக்குள் சுழல்கிற இரும்புத் தண்டு. வண்டியில் ஏறாத புதுசு. நெருப்புப் படும் முனைக்கு உயர்ந்த ரக ஸ்டீலில் ஒரு பாகம் செய்ய வேண்டியிருந்தது. கிராங்க் விற்கிற பணத்தை நம்பித்தான் அதைச் செய்யச் சென்னைப் பட்டறையில் சொல்லி வைத்திருந்தார். வாங்குவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்தார். கூடத்தில் பாய் விரித்து, இவர் காகிதத்தைப் பிரித்தார்.

வந்தவர் குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பளபளவென்று இருக்க வேண்டிய ஒவ்வொரு வளையத்திலும் வட்டமாக ஒரு கறுப்புக் குழி.

“இதென்னங்க, சொல்லி வெச்ச மாதிரி எல்லாத்துலயும் ஒரே எடத்துல துரு தின்னிருக்குது?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, தையல் மெஷின், ஸ்கூட்டரோடு இந்த ஸ்பேருக்கும் வருஷா வருஷம் பொட்டு வைப்பேன். சண்டை வேறு, சாமி வேறு. கிரீஸ் மேல் சந்தனம் ஒட்டாது என்று, ஷாம்பூத் தண்ணீரில் நன்றாகத் துடைப்பேன். பொட்டை எங்கே வைப்போம்? பளிச்சென்று இருக்கிற இடத்தில்தானே வைப்போம்? ஈரச் சந்தனமும் குங்குமமும் காயுமுன் அப்படியே காகிதத்தைச் சுற்றி உள்ளே தள்ளிவிடுவேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, நான் கும்பிட்டதே அதைத் தின்றிருக்கிறது.

“இதை அரைச்சாத்தானுங்க ஆகும். அரைச்சா அப்பறம் புதுசுன்னு சொல்ல முடியாதுங்களே” என்று சொல்லிவிட்டு, காபியை மட்டும் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

நான் கூனிக்குறுகி நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அந்தக் குழிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான்தாங்க. என் பொட்டுதான்.”

“விடு. நல்லா இருக்கட்டும்னுதான வச்ச.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.  அதைக் கேட்டதும் இத்தனை நாள் அடக்கி வைத்த கோபம் பொங்கி வந்தது.

“நீங்களும் நல்லா இருக்கட்டும்னுதான இறுக்கச் சொன்னீங்க? நான் என் தப்ப இப்ப சொன்னன், நீங்க விடுன்னுட்டீங்க. முடிஞ்சிபோச்சி. அவனாண்ட போயி சொல்றதுக்கு உங்களுக்கு என்னா கேடு?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. முகம் கறுத்துவிட்டது. எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதிகம் பேசிவிட்டேனோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனமில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்தது. உயர்ந்த ஸ்டீல் இல்லாமல், கிடைத்த குழாயை வெட்டி வெல்டிங் வைத்து அந்த முனையை அவரே செய்தார். சூடு ஏறினால் ஊதும், விரிசல் விடும், மறுபடி செய்வார். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுக் கையெல்லாம் தோல் உரிந்தது. மஞ்சள் பூசிவிடக் கிட்டே போனால் கையை இழுத்துக்கொள்வார். ஒரு நாள் பக்கத்து வீட்டம்மா, என்ன உங்கள் வீட்டுப் பக்கம் டொக் டொக் என்று சத்தம் என்று கேட்டார். எஞ்சின் ஓட ஆரம்பித்திருந்தது.

“மச்சான வரச் சொல்லு” என்றார் என்னிடம்.

“நீங்களே கூப்புடுங்க.”

“நீ சொன்னாத்தான் வருவான்.”

அது உண்மைதான். நான் கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான். வாங்க மச்சான், என்ன மாமா என்பதற்கு மேல் இருவரும் பேசவில்லை. பின்கட்டில் எஞ்சினுக்கு எதிரே அவனுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார், மாப்பிள்ளைக்குப் போடுகிற மாதிரி துண்டால் துடைத்து. பாய்லர் இல்லாததைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். தம்பி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். வாசற்படியில் நின்ற எனக்கு, எல்லாம் சரியாகிவிடும் என்றுகூடத் தோன்றிவிட்டது.

பிறகு அடுப்பைப் பற்ற வைத்தார். இன்னும் ஓடு போடுவதற்காக இரும்புக் கதவைத் திறந்தார். முந்திரி ஓட்டு எண்ணெயில் பிடித்த தீ புஸ்ஸென்று ஒரு முழம் வெளியே வந்து உள்ளே போனது. அவ்வளவுதான். நாற்காலி கவிழ்ந்த சத்தம் கேட்டது. தம்பி வீட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருவில் நின்றான். வெந்த கையை மறு கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். 

பாய்லரைத்தான் இவர் நினைத்திருந்தார். தீயை நினைக்கவே இல்லை. இரண்டு வருஷம் அந்த எஞ்சினைச் செய்த மனுஷனுக்கு, அதற்கு முன்னால் நிற்கப் போகிறவனால் நெருப்பைப் பார்க்க முடியுமா என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

அவர் ஓடு அள்ளிய கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனார். செருப்புகூடப் போடவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன். நடுத்தெருவில், அக்கம்பக்கம் பார்க்க, தம்பிக்கு முன்னால் போய் நின்றார்.

“அன்னிக்கி போன்ல இறுக்கச் சொன்னது நான்தான் மச்சான். வந்து பாக்காமயே சொல்லிட்டன். தப்பு என்னுது. உன் கைய நான்தான் கெடுத்தன்.”

 தம்பி அவரைப் பார்த்தான். கோபமா, இரக்கமா என்று கூடப்பிறந்த எனக்கே தெரியவில்லை.

“இத சொல்றதுக்கா மாமா இருந்ததெல்லாம் வித்தீங்க?” என்றான். “சிதம்பரம், ஒரு மணி நேரம் பஸ்தான மாமா.”