காய்ச்சல் எழுதிய கொப்பி

நீல அட்டை போட்ட அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. மகளுக்கு ஆறு மாதத்தில் விடாத காய்ச்சல் வந்தபோது, மணிக்கொரு தடவை சூட்டை அளந்து அதில் எழுதினேன். மூன்றாம் நாள் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அதைக் கையோடு கொண்டுபோனேன். துணைக்கு அக்கா வந்தாள்.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். "இவளுக்கு ஏறாது" என்று பள்ளிக்கூடத்தில் கைவிட்டார்கள். எஹலியகொட பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போனாள். அவளை மக்கு என்று கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. நான் ஏ.எல். பரீட்சை வரை படித்தவள், சிங்களப் பாடத்தில் 'ஏ' எடுத்தவள். ஆனால் சிங்கள டொக்டர் முன்னால் ஒரு வசனத்தை மனதுக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள், ரப்பர் மலையில் பழகிய சிங்களத்தில் அக்கா பேசத் தொடங்கிவிட்டாள். நேற்றிலிருந்து இடது பக்கம் சாய்த்தால் மட்டும் குழந்தை பால் குடிக்காமல் திமிறுகிறது என்றாள். டொக்டர் இடது காதைப் பார்த்தார். உள்ளே சீழ். பால் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும், "எட்டாம் வகுப்பு டொக்டருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் குடுடி" என்று அக்கா சிரித்தாள். கொப்பியும் வீண் போகவில்லை, அதைப் புரட்டிப் பார்த்துத்தானே மருந்து எழுதினார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவளை மக்கு என்றபோது எதை அளந்து சொன்னோம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. கூட்டல் வரவில்லை, மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று போன வாரம் டீச்சர் சொன்னார். அன்றைக்கே அதே கொப்பியின் பின்பக்கங்களில் அவளுடைய பிழைகளை எழுத ஆரம்பித்தேன். அக்காவுக்குச் சொன்னதை இவளுக்கும் சொல்லிவிடுவார்களோ என்று பயம். நானே சொல்லிவிடுவேனோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அக்கா நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தாள். என்னோடும் மகளோடும் வழக்கம்போலச் சிரித்துப் பேசினாள். வைத்ததும் கொப்பியைத் திறந்து, பதினேழும் எட்டும் எத்தனை என்று மகளிடம் கேட்டேன்.

"பெரியம்மா அழுதிருக்காங்கம்மா."

"சிரிச்சுத்தானேடி பேசினாங்க?"

"சிரிச்சாங்க. ஆனா என்னைய ஒரு தடவகூட வாலுன்னு கூப்புடலயே."

பதினேழுக்கு எதிரே பேனா நின்றது. கொப்பியை மூடிவிட்டு அக்காவுக்குத் திரும்பப் போன் எடுத்தேன்.

"என்னடி, அதுக்குள்ள? சாப்பிட்டியா?" என்றாள்.

"என்னக்கா ஆச்சு?" என்றேன்.

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மகள் என் மடியில் ஏறி, தன் இடது காதைப் போனோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.