வெள்ளையண்ணன் தோளும் நான் எழுதுன தாளும்

ஏனுங்க, சேதி கேட்டீங்களா, நம்ம வெள்ளையண்ணன், மலையில இருந்து எறங்கி வந்து ஒம்பது ஊரு வழுக்குமரத்துக்கு அடி நின்ன மனுசன், போயிட்டாருங்க!

நேத்து பேளுக்குறிச்சி சந்தையில பலாப்பழம் எறக்கிக்கிட்டிருந்த மலைக்காரரு ஒருத்தரு சொன்னாரு. காச்சல்னு படுத்தாராம், அஞ்சாம் நாளு மூச்சு நின்னுபோச்சாம். நான் கடையில சீரகம் பொட்டலம் மடிச்சுக்கிட்டிருந்தேன். அம்புட்டுச் சீரகமும் கீழ கொட்டிப்போச்சு. மொதலாளி திட்டுனது எதுவும் காதுல ஏறலை.

இந்தத் தாளை மொதத் தடவையாப் பாக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லீங்க. பொட்டலம் மடிக்கிற பழைய தாளை வெச்சுத்தான் எழுத்துக் கத்துக்கிட்டேன். வழுக்குமரம்னா எனக்குப் பைத்தியம். எந்த ஊருல நோம்பி, திருவிழான்னாலும் ஓடிப்போயிப் பாத்துட்டு வந்து நாலு தாள்ல எழுதி நாலு பேருகிட்டக் குடுப்பேன். படிச்சவங்க அதைப் பாத்து ஆளுக்கு ஒண்ணு எழுதி அடுத்த ஊருக்கு அனுப்போணும், அதான் ஏற்பாடு. யுத்தத்துல தாளே கெடைக்காதப்பக்கூட இது நிக்கலை. மலைக்கு அந்தப் பக்கம் புளியஞ்சோலை போயிச் சேரும்போது அது எத்தனை தாளா ஆயிருக்கும்னு எனக்கே தெரியாது.

மரத்தோட பட்டையை உரிச்சு, வெளக்கெண்ணெயும் சோத்துக்கத்தாழையும் பூசி நட்டு வெச்சிருப்பாங்க. உச்சியில சாமித் துணி முடிஞ்சிருக்கும். ஊருக்கு அஞ்சு பேரு போட்டி போட்டு, ஒருத்தரு தோள் மேல ஒருத்தரா ஏறோணும், சுத்தி நின்னு சனம் அவங்க மேல தண்ணியை வாரி அடிக்கும். துணியை எடுத்த ஊருதான் செயிச்ச ஊரு. எல்லாரு கண்ணும் உச்சிக்குப் போறவரு மேலதான். எனக்கும் அப்படித்தான். சீரங்கன்னு உச்சி ஏறுறவரு ஒருத்தரு இருக்காரே, அவரு பேரு இல்லாத தாளு நான் எழுதுனதே இல்லை. அடியில மரத்தைக் கட்டிப் புடிச்சு, கன்னத்தை மரத்துல ஒட்டிக்கிட்டு, நாலு பேரு எடையையும் தாங்கறவரு பேரை ஒரு தாள்லயும் எழுதுனதில்லை.

வெள்ளையண்ணனுக்கு மலை மேல வாசலூர்பட்டிக்குப் பக்கத்துல ஊடு. மொளகு மூட்டையைத் தலையில வெச்சு மலைப்பாதையில எறக்கி எறக்கி உரம் ஏறுன தோளு அவருக்கு. அடிவாரத்துல எந்த ஊருக்கு ஆளு கொறைஞ்சாலும் அவருக்குத்தான் சொல்லி அனுப்புவாங்க. ஒரு வேட்டி, வயித்துக்குச் சோறு, அம்புட்டுத்தான். ஒரு வருசம் எதுத்த ஊருக்காரன் ஒருத்தன் கேலி பண்ணுனான்: "ஏப்பா மலைக்காரா, போன வருசம் எங்களுக்கு நின்ன, இந்த வருசம் இவங்களுக்கு நிக்கிற. அடுத்த வருசம் யாருக்கு?"

"எந்த ஊரு ஆளுங்க எடை கம்மியோ அந்த ஊருக்குங்க. உங்க ஊருல இப்பத் தீனி சாஸ்திங்க" அப்படின்னாரு. கூட்டமே சிரிச்சுது.

நான் அவருகிட்ட மொத மொதப் பேசுனது ஒரு செயிப்புக்கு அப்பறந்தான். சீரங்கனைத் தூக்கிக்கிட்டு ஊரே ஓடுது. இவரு மரத்தடியில குத்த வெச்சு, கண்ணுல விழுந்த எண்ணெயைத் தொடச்சுக்கிட்டிருக்காரு. என்னைப் பாத்துட்டு, "கண்ணு, துணி என்ன நெறம்?"னு கேட்டாரு.

"பச்சைங்கண்ணா. நீங்க பாக்கலையா?"

"எங்க பாக்கறது. மேல பாத்தா தோள் எறங்கிப்போகும் சாமி."

அப்பறந்தான் கவனிச்சேன், ஒவ்வொரு ஊருலயும் அவரு இப்படி யாரையாவது புடிச்சு நெறம் கேப்பாரு. மஞ்சளுங்க, செவப்புங்கன்னு சொன்னா தலையை ஆட்டிக்குவாரு. இருவது வருசம் நின்ன மனுசன், ஒரு துணியைக்கூட உச்சியில இருக்கறப்பப் பாத்ததில்லை.

இனி எழுதறதுதான் எனக்குக் கஷ்டமுங்க.

போன ஆவணி நோம்பி உங்களுக்கெல்லாம் நெனப்பு இருக்கும். எந்த ஊருன்னு எழுத மாட்டேன், காரணம் பின்னால வருது. சீரங்கன் உச்சிக்குப் போயிட்டாரு. துணிக்கும் அவரு கைக்கும் ஒரு சாண்தான். திடீர்னு வெள்ளையண்ணன் முட்டியை மடக்குனாரு. மேல இருந்த நாலு பேரும் ஒருத்தரு மேல ஒருத்தரா சறுக்கிக்கிட்டு வந்து சேத்துல விழுந்தாங்க. சீரங்கனுக்குக் கால் சுளுக்கிக்கிச்சு. ஊருப் பெரியவங்க, "இன்னைக்கு இதோட போதும்"னு சொல்லிட்டு, அதுக்கு முந்துன வருசம் செயிச்ச ஊருக்கே சாமித் துணியைக் குடுத்துட்டாங்க. அந்த வருசம் அந்த ஊருக்கு அடி நின்னதும் இதே வெள்ளையண்ணன்தான்.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. அன்னைக்குச் சாயங்காலமே உக்காந்து எழுதுனேன்: "வெள்ளையன் பழைய ஊருக்காக வேணும்னே தோளை எறக்குனான்." ன் போட்டு எழுதுனேனுங்க, ர் கூடப் போடலை. யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலை. அவருகிட்டயும் கேக்கலை. அவரு பேரை நான் எழுதுன மொதத் தாளு அதுதான்.

நான் எழுதுன தாள்லயே வேகமா ஓடுனதும் அதுதானுங்க. படிச்சு எழுதி அனுப்புனவங்க ஆளாளுக்கு ஒரு வரி சேத்துக்கிட்டாங்க. அதுக்கப்பறம் நடந்த எந்த நோம்பிக்கும் ஒரு ஊருகூட அவருக்குச் சொல்லி அனுப்பலை.

தை மாசம், அந்த நோம்பிக்கு வழுக்குமரம் குடுக்கற ஊட்டுப் பெரியவரு கடைக்கு மொளகு வாங்க வந்தாரு. "நீதானப்பா அந்தத் தாளு எழுதறது?"ன்னு கேட்டாரு. பெருமையா ஆமாங்கன்னேன். அவரு என்னைத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போனாரு.

"மறுநா மரத்தைப் புடுங்குனோம் தம்பி. குழிக்குள்ள இருந்த அடிமரம் பூராக் கரையான் தின்னு கெடந்துது. மேல பாத்தா ஒண்ணும் தெரியலை. அந்த மனுசன் கன்னத்தை ஒட்டியிருந்ததால அவருக்கு மட்டும் உள்ள நறநறன்னு கேட்டிருக்குது. எறக்காம இருந்திருந்தா மரம் பொம்பளைங்க நின்ன பக்கம் சாஞ்சிருக்கும். அப்பவே எங்க காதுல வந்து சொன்னாரு. மரம் எங்க ஊட்டு மருவாதை, வெளிய சொல்லீராதீங்கன்னு நாங்கதான் கேட்டுக்கிட்டோம்."

"அவரு என்ன சொன்னாருங்க?"

"உங்களுக்கு இந்த ஒரு ஊருதான், எனக்கு அடுத்த ஊரு இருக்குதுங்கன்னாரு."

அந்த அடுத்த ஊரைத்தான் நான் இல்லாமப் பண்ணியிருந்தேன்.

மறுநா வெடியறப்பக் கெளம்பி மலை ஏறுனேன். அவரு மரவள்ளிக் காட்டுல கெழங்கு புடுங்கிக்கிட்டிருந்தாரு. வழி பூரா என்னென்னமோ சொல்லிப் பாத்துக்கிட்டு வந்திருந்தேன். "அண்ணா, அந்தத் தாளு எழுதுனது நாந்தானுங்க"ன்னு மட்டும் சொன்னேன். அவரு மண்வெட்டியைக் கீழ போட்டுட்டு ஊட்டுக்குள்ள போனாரு. எதையாவது எடுத்து அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். மூங்கில் குழாயில சுருட்டி வெச்சிருந்த தாளு ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்தாரு. அதே தாளு. யாரோ பாத்து எழுதுனது.

"என்ன எழுதியிருக்குதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க கண்ணு. அது கெடக்குது. இதுல எம் பேரு எந்த எடத்துல இருக்குது? எனக்கு எழுத்துத் தெரியாது. வெரல் வெச்சுக் காட்டு."

காட்டுனேன். வெரலை அங்கயே வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "இம்புட்டு நீளமா எம் பேரு?"ன்னு சிரிச்சாரு. அவரு சம்சாரம் நல்லம்மாக்கா எனக்குக் களி போட்டுக்கிட்டே, "நல்லாக் கேக்கறாரு பாரு கேள்வி. திட்டுன தாளைக் குழாயில வெச்சுக் காப்பாத்தற ஆளு இவரு ஒருத்தருதான்"னாங்க.

நான் அழுதுட்டேன். சரியானதை எழுதி எல்லா ஊருக்கும் அனுப்பறேங்கண்ணான்னேன். "மரம் குடுத்தவங்க ஊரைப் போட்டுறாத. மத்தபடி உன் இஷ்டம்" அப்படின்னாரு. எறங்கி வந்ததும் அன்னைக்கே எழுதியிருக்கோணும். நான் என்ன நெனச்சேன்? தையில எவன் படிப்பான், ஆவணி நோம்பித் தாள்ல போட்டா ஊரு பூராப் படிக்கும், அவரையும் திரும்பக் கூப்புடுவாங்கன்னு கணக்குப் போட்டேன். ஆவணிக்கு இன்னும் இருவது நாளு இருக்குது. அவரு இல்லை.

இன்னைக்கு மலைக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன். நல்லம்மாக்கா அந்த மூங்கில் குழாயை என் கையில குடுத்தாங்க. "நீயே வெச்சுக்க சாமி. கடைசியா ஒரு தடவை எடுத்து, எம் பேரு எங்கன்னு கேட்டாரு, எங்களுக்கு யாருக்கும் அந்த எடம் தெரியலை." குழாய் இப்ப எம் பக்கத்துல இருக்குது. அவரு வெரல் பட்ட எடத்துல மை கலைஞ்சிருக்குது. அவரு எனக்கு விட்டுட்டுப் போனது இதுதான். ஒருத்தரு பேரை எழுதறதுக்கு முந்தி அவரு மூஞ்சியைப் போயிப் பாக்கோணும்கறதும் இதுக்குள்ளதான் இருக்குது.

பழைய தாளு எந்தெந்த ஊருக்குப் போச்சோ, அந்தந்த ஊருக்கெல்லாம் இதுவும் போகோணுமுங்க. ஒரு வரி கூட்டாதீங்க, கொறைக்காதீங்க. வர்ற சந்தையன்னைக்குக் கடை முன்னால கூடுவோம். அவரு தோள் மேல ஏறுனவங்க, சீரங்கண்ணா நீங்களும், வந்து உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன். பழைய தாளு வெச்சிருக்கறவங்க கோவத்துல கிழிச்சுறாதீங்க, அதுலயும் அவரு பேரு இருக்குது. இதை அதோட சேத்து மடிச்சு வையுங்க. எழுத்துத் தெரியாதவங்க யாராவது கேட்டா, அவரு பேரு எந்த எடத்துல இருக்குதுன்னு வெரல் வெச்சுக் காட்டுங்க.