முப்பத்தொன்றாவது பிறை

நாத்தனாரைப் புகழ்ந்து பேசுவது எனக்கு வழக்கமில்லை. பாராபினாவைப் பற்றி மட்டும் பேச வேண்டியிருக்கிறது. அவளாகச் சொல்ல மாட்டாள். அவள் தம்பி, அதாவது என் கணவர், சொல்ல ஆரம்பித்தால் பாதியை மறந்துவிட்டு மீதியைச் சாப்பாட்டுப் பேச்சாக்கிவிடுவார்.

எங்கள் தீவின் ஹங்கா ரோவா சந்தையில் எனக்கும் பாராபினாவுக்கும் ஒரே கடை. எங்கள் முன்னோர் குறிகள் எழுதிவைத்த மரப்பலகைகளின் நகல்களைச் செதுக்கி விற்கிறோம். அசல் பலகை ஒன்றுகூட இப்போது தீவில் இல்லை. எல்லாம் கடல் தாண்டி அருங்காட்சியகங்களில் கிடக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்களை அடிமை பிடிக்க வந்த கப்பல்களும் அம்மை நோயும் கொண்டுபோயின. ஆகவே பறவை, மீன், மனிதன், பிறை என்று கண்ணுக்குத் தெரிவதைச் செதுக்குகிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்கும் தெரியாது, வாங்குகிறவர்களுக்கும் தெரியாது. ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். அவர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

என் மாமனார் எப்போதோ ஒரு புத்தகப் படத்தைப் பார்த்து எண்ணெய்த்தாளில் வரைந்துவைத்த மாதிரிதான் எங்கள் இருவருக்கும் மூலதனம். பலகை குட்டையாக இருந்தால் நான் இரண்டு மூன்று குறிகளை விழுங்கிவிடுவேன். "யாரு எண்ணப் போறா?" என்பேன். அது மாமனாரிடம் கற்றுக்கொண்ட வசனம். பாராபினா விழுங்க மாட்டாள். நீளமான பலகை கிடைக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பாள். அதற்காகவே அவள்மேல் எனக்கு எரிச்சல்.

எண்ணி எண்ணித்தான் அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. மாதிரித் தாளில் ஒரு வரியில் இருபத்தொன்பது பிறைகள். அவற்றில் நடுவிலிருக்கும் ஒன்று மட்டும் முழு வட்டம். "மதினி, இது நிலா. ஒரு மாசத்து ராத்திரி எல்லாம் வரிசையா இருக்கு" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்று தொடங்கி பதினோரு வருடம், வளர்பிறையை அந்தியில் துறைமுகத்திலும் தேய்பிறையை விடியலில் கிழக்குக் கரையிலும் நின்று பார்த்தாள். குதிரையில் போவாள், மழையென்றாலும் போவாள். பிறைகளுக்கு அருகே குட்டியாக மீன் குறி இருக்கும் இரவுகளில் உண்மையிலேயே மீன் படுகிறதா என்று படகுக்காரர்களைத் துளைத்தெடுத்தாள். எல்லாவற்றையும் அரிசிப் பெட்டி அட்டைகளில் எழுதினாள்.

படகுக்காரன் கெரெமோ தினமும் வம்பிழுப்பான். "என்ன பாராபினா, நிலா இந்த மாசச் சம்பளம் குடுத்துச்சா?"

"உன் வலையில மீன் விழுந்த அன்னைக்குக் குடுக்கும்" என்பாள். கூட்டம் சிரிக்கும். மறுநாளும் நிற்பாள்.

ஐந்து வருடத்துக்கு முன் சால்வதியெர்ரா என்ற வானியல் பேராசிரியர் கடல் தாண்டிப் பெருநிலத்திலிருந்து வந்தவர், எங்கள் கடையில் பலகை வாங்க நின்று, அவள் பேச்சைக் கேட்டு, விமானத்தைத் தவறவிட்டார். அட்டைகளை எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாதிரித் தாளோடு பொருந்தியது. இந்த வருடம் ஒரு சனிக்கிழமை, தேவாலயக் கூடத்தில் ஊர் கூடி அவள் வாசிப்பைக் கேட்பதென்றும், பள்ளிக்கூடச் சுவரில் அதை நிலாக் காலண்டராக வரைந்து கீழே அவள் பெயரை எழுதுவதென்றும் முடிவானது. சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். அவள் புது உடுப்பு தைத்தாள்.

"பேரெல்லாம் வேண்டாம் மதினி" என்றாள் என்னிடம். "சின்னப்பிள்ளையில ஒரு டீச்சர் நம்ம பலகைப் படத்தைக் காட்டி, இது வெறும் கிறுக்கல்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். அதே பள்ளிக்கூடத்துச் சுவர்ல இது கிறுக்கல் இல்லைன்னு ஏறணும். அது போதும்."

வியாழக்கிழமை பேராசிரியர் வந்து இறங்கினார். அவளுக்குப் பரிசாக, அசல் பலகையின் புதுப் புகைப்படத்தை அதே அளவில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அவள் அதை மடியில் வைத்துச் செதுக்குவதுபோலவே விரலால் வருடிக்கொண்டு போனாள். வரி முடிந்தது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். விரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். மூன்றாம் முறையும் எண்ணினாள்.

"முப்பத்தொண்ணு" என்றாள்.

புத்தகப் படத்தில் ஓரம் இருட்டாக இருந்த இடத்தில், திருப்பிய வரியின் தொடக்கத்தில், இன்னும் இரண்டு பிறைகள் இருந்தன. எந்த மாதத்திலும் நிலாவுக்கு முப்பத்தோரு இரவு கிடையாது. எண்ணெய்த்தாளைக் கொண்டுவந்து படத்தின்மேல் வைத்தாள். மாமனாருக்கு அந்த இடம் தெரியாமல் போயிருக்க முடியாது. விளிம்பில் ஒரு பிறையின் முனையைத் தொடங்கி, அழித்திருந்தார். அன்றைக்குச் செதுக்க அவருக்குக் கிடைத்த பலகை குட்டையாக இருந்திருக்கும்.

"ரெண்டுதானே பாராபினாம்மா" என்றார் பேராசிரியர். "எழுதினவர் கை தவறியிருக்கலாம். மத்ததெல்லாம் பொருந்துது, அதை வச்சுப் பேசிக்கலாம்."

"எழுதினவங்க கை தவறல. தவறுனது எங்கப்பா கை."

நான் பொறுமை இழந்தேன். "பதினோரு வருஷத்த ரெண்டு கீறலுக்காகக் குப்பையில போடப்போறியா? சனிக்கிழமை முடியட்டும். யாரு எண்ணப் போறா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கோபமில்லை அதில். அப்புறம் தலையைக் குனிந்து அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. வெளியே மண்ணடுப்பில் மீனும் சர்க்கரைவள்ளியும் வெந்துகொண்டிருந்தன. அவள் புது உடுப்போடு முன்னால் போய், ஒரு கையில் தாளையும் மறு கையில் படத்தையும் தூக்கிக் காட்டினாள்.

"நான் இத்தனை வருஷம் படிச்சது எங்கப்பா தாளை. நம்ம பலகைய இல்ல. அசல்ல இன்னும் ரெண்டு இருக்கு. நான் சொன்னது தப்பு."

கெரெமோதான் எழுந்தான். "அப்ப அது நிலா இல்லையா?"

"நிலாவா இருக்கலாம். எனக்குத் தெரியல."

"பின்ன? நாம படிக்கும்போது அந்த டீச்சர் சொன்ன மாதிரி கிறுக்கலா?" கேலியில்லாமல் கேட்டான். அவனுக்கும் வேதனை இருந்தது.

அவள் படத்தை அவன் பக்கம் திருப்பினாள். "கிறுக்கலா இருந்தா நான் சொன்ன கணக்குக்கெல்லாம் ஆமான்னு தலையாட்டியிருக்கும். இது மாட்டேங்குது, கெரெமோ. எழுதினவங்களுக்கு என்ன சொல்றோம்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நானும்தான். பேராசிரியர் தன் உரைத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கெரெமோ உட்காரப் போனவன் திரும்பி, "அப்ப நாளைக்குச் சாயங்காலம் துறைமுகத்துக்கு வருவியா?" என்று கேட்டான்.

"வராம?"

"சரி, உன் இடத்துல எவனும் வலை காயப்போடாம பார்த்துக்கிறேன்."

பள்ளிக்கூடச் சுவரில் அந்த வரியை வரைந்தார்கள். காலண்டர் என்று எழுதவில்லை, அவள் பெயரும் இல்லை. முப்பத்தொரு பிறைகள், அசலில் இருக்கிறபடி, திரும்பும் இடத்தில் தலைகீழாக. அவள் ஏணியடியில் நின்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள். அரிசிப் பெட்டி அட்டைகள் இப்போது பன்னிரண்டாம் வருடத்தில் இருக்கின்றன.

போன வாரம் என் கணவர் எனக்கு மரம் அறுத்துக்கொண்டு வந்தார். அளந்து பார்த்தேன். ஒரு சாண் குறைந்தது. வேறு கொண்டுவரச் சொன்னேன்.

"ரெண்டு குறிய விட்டுட்டுச் செதுக்கேன்" என்றார். "யாரு எண்ணப் போறா?"

"உங்க அக்கா" என்றேன்.