தாம்பரத்தில் அப்பாவின் மணிக்கூண்டு

எழும்பூர் வரை டிக்கெட் இருந்தும் தாம்பரத்திலேயே இறங்கி, கிழக்குப் பக்கம் நடந்து, மணிக்கூண்டுக்கு எதிரே நிற்கிறேன். மதுரையில் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். கொத்தனாராக இருந்த இளம் வயதில் இதைக் கட்டியவர்களில் அவரும் ஒருவராம். இதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கூண்டு முழுக்கப் புது மஞ்சள் பெயிண்ட். கல்வெட்டில் பெயிண்ட் அடித்த வருஷம் மட்டும்தான் இருக்கிறது. கீழே கரும்பு ஜூஸ் பிழியும் அக்காவிடம், இது எப்போது கட்டியது என்று விசாரிக்கிறேன்.

"இது புச்சு சார். ரோடு அகலம் பண்ணசொல்ல பழச இடிச்சிட்டாங்க."

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அவர் கணவர் நிமிர்கிறார். "இன்னா பேசற? இடிச்சது தண்ணி டேங்க்கு. கூண்டு அப்டியே கீது."

"நான் கண்ணால பாத்தேன்யா!"

"நானும்தான் பாத்தேன்!"

யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவே சொல்லட்டும் என்று வீடியோ காலில் காட்டுகிறேன். அவர் வெகுநேரம் உற்றுப் பார்க்கிறார்.

"இது எந்த ஊருடா?"

அக்கா எட்டிப் பார்த்து உரக்கச் சொல்கிறார். "தாம்பரம் ஐயா! தாம்பரம் மணிக்கூண்டு!"

"தாம்பரமா?" அப்பாவின் முகம் மலர்கிறது. "அப்ப நான் கட்டுனதுதாம்மா."

அக்கா கூண்டைப் பார்க்கிறார், கணவரைப் பார்க்கிறார், பிறகு போன் பக்கம் குனிகிறார்.

"ஆமா ஐயா. இன்னும் ஸ்ட்ராங்கா கீது."