அன்டனின் வெள்ளிக் குவளை

ஜேர்மனிக்கு வந்த முதல் வருடம் ஜெயமலர் புல்தரையில் கால் வைக்கவேயில்லை. எசன் நகரப் பூங்காவில் பிள்ளைகள் உருண்டு விளையாட, அவள் சீமெந்துப் பாதையிலேயே நிற்பாள். இலங்கையின் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் வேலை செய்தவள் அவள். பக்கத்தில் குந்தியிருந்து மண் கிளறிய தோழியின் கால் போனதைக் கண்ணால் கண்டவள்.

பிறகு ஒருநாள் உலோகம் தேடும் கருவி ஒன்றை வாங்கி வந்தாள். கணவன் பிரதாப்புக்கு அது விசர் வேலையாகத் தெரிந்தது. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நடக்கலாம், தெரியாமல்தான் நடக்க ஏலாது என்றாள் அவள். முறைப்படி அனுமதி எடுத்து, ஹம் நகருக்கு வெளியே ஒரு விவசாயியின் வயலில் ஞாயிறுகளில் தேடினாள். கிடைத்த பொருளில் பெயர் இருந்தால் உரியவரை விசாரித்துப் பிடித்துக் கொடுப்பாள். கலியாண மோதிரம் ஒன்று அப்படித்தான் ஒரு பேத்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அறுவடை முடிந்திருந்த வயலின் மூலையில் அன்று கருவி கூவியது. தோண்டினாள். நசுங்கிய சிறு வெள்ளிக் குவளை. அடியில் அன்டன் வெஸ்லிங் என்ற பெயர்.

வெறுங்குழிக்கு மேல் கருவியைத் திரும்பவும் பிடித்தாள். இந்த முறை சத்தம் கட்டையாக வந்தது. சுற்றி நகர்த்தியும் சத்தம் விடவில்லை; கீழே பெரிய இரும்பு ஏதோ கிடந்தது. மேலே தோண்டாமல் மண்ணைக் கையால் மெல்ல மூடிவிட்டு, வந்த காலடிகளிலேயே பின்வாங்கினாள்.

விவசாயியிடம் சொன்னபோது, அது பழைய தண்ணீர்க் குழாய், செவ்வாய்க்கிழமை மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வைத்துக் கிளறி எடுக்கப்போகிறேன் என்றார். நம்பத்தான் பார்த்தாள். ஆனால் அந்தச் சத்தம் மனதை விட்டுப் போகவில்லை.

ஊர்த் தேவாலயத்தில் விசாரித்ததில் அன்டன் உயிரோடு இருப்பது தெரிந்தது. அதே ஊர் முதியோர் இல்லத்தில் இருந்தார். செவ்வாய் காலை பிரதாப் அவளைக் கூட்டிப்போனான். குவளையைக் கண்டதும் கிழவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உலகப் போரின்போது, சிறுவனாக, அந்த வயலில் நின்ற தகப்பனுக்கு அதில் பால் கொண்டுபோனாராம். விமானங்கள் வந்தன. குவளையைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தார். குவளையை விட்ட இடத்திலேயே ஒரு குண்டு விழுந்து, வெடிக்காமல் சேற்றுக்குள் போனது. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நாளடைவில் தானும் நம்பாமல் விட்டதாகச் சொன்னார்.

ஜெயமலர் எழுந்துவிட்டாள். விவசாயிக்குத் தொலைபேசி எடுத்தாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

"என்னப்பா, காரை எடுங்கோ. அது குழாய் இல்லை."

"பொலிசுக்கு அடிச்சாப் போதாதோ, மலர்?"

"அடியுங்கோ. அவை வாறதுக்குள்ள பெக்கோ வாளி மண்ணுக்குள்ள இறங்கிடும்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெக்கோ அந்த மூலையில்தான் நின்றது. மேல்மண்ணை வழித்துவிட்டிருந்தது. சாரதியின் காதில் சத்தம் தடுக்கும் மூடி. வீதியில் நின்று கத்தியும் அவன் திரும்பவில்லை.

"நான் போறன். நீர் நில்லும்," என்றான் பிரதாப்.

"உங்களுக்கு எங்க கால் வைக்கிறதெண்டு தெரியாது."

சக்கரங்கள் அழுத்திப்போன தடத்தில் மட்டும் மிதித்து நடந்தாள். தோழியின் அலறல் காதுக்குள் கேட்டது. கழுத்துச் சால்வையைக் கழற்றித் தலைக்கு மேல் வீசிக் காட்டினாள். பெக்கோவின் கை உயர்ந்து, அப்படியே நின்றது. சாரதி அவளைக் கண்டுவிட்டான். இயந்திரத்தை நிறுத்தி, அதே தடத்தால் இறங்கி வரும்படி கையால் காட்டினாள். வீதிக்கு வந்ததும் அப்படியே குந்திவிட்டாள்.

ஊர்ச்சனத்தைப் பாடசாலை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, குண்டகற்றும் குழு பின்னேரம் அதைச் செயலிழக்கச் செய்தது. வாளி இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தால் பட்டிருக்கும் என்றார்கள். மண்டபத்தில் அன்டன், தான் கண்டது மெய்தானே என்று அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மிச்ச வயலையும் பார்த்துத் தரும்படி விவசாயி பிறகு கேட்டார். ஏலாது என்றாள். கருவி இப்போது நிலவறையில் கிடக்கிறது. அன்டனை மட்டும் இடைக்கிடை போய்ப் பார்க்கிறாள். மேலே விமானம் போனால் இருவரும் கதையை நிறுத்திவிடுவார்கள். அந்தச் சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகுதான் யாராவது ஒருவர் வாய் திறப்பார்.