மாத்திரை மாறிய பத்து மாதம்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கோவளத்தில் குடியிருந்தோம். கேளம்பாக்கத்தில் எனக்கு ஒரு சிறிய துணிக்கடை. மழை பெய்த நாள், படகு கவிழ்ந்த நாள், புதுப் பேருந்து ஓடத் தொடங்கிய நாள் எல்லாவற்றையும் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. மகளுக்கு ஐந்து வயதில் வலிப்பு வந்ததும் அதற்கென்று தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். வலிப்பு வந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எழுதுவேன். வராத நாளில் தேதிக்கு எதிரே ஒரு சிறு கோடு.

செங்கல்பட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் இரண்டு வருடம் நன்றாகவே போயிற்று. அப்புறம் ஒரு ஐப்பசியில் அது கிடைக்கவில்லை. செங்கல்பட்டில் இல்லை, திருக்கழுக்குன்றத்தில் இல்லை, பாரிமுனை வரைக்கும் போய்ப் பார்த்தேன். கம்பெனியிலிருந்தே சரக்கு வரவில்லை என்றார்கள். கடைசி நான்கு மாத்திரைகளைப் பாதிப் பாதியாக உடைத்துக் கொடுத்தோம். அவையும் தீர்ந்த பிறகு பள்ளிக்கூடத்திலேயே விழுந்துவிட்டாள். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார்.

வலிப்பு நின்றது. ஆனால் பிள்ளை மாறிப்போனாள். ஓரிடத்தில் உட்கார மாட்டாள். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து ஓடுவாள். சிலேட்டில் பாதி எழுத்து எழுதிவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் சடையைப் பிடித்து இழுப்பாள். டீச்சர் பெஞ்சின் மேல் நிறுத்தினார். நானும் அடித்தேன். கடையில் துணி அளக்கிற கோலால், உள்ளங்கையில். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல.

செங்கல்பட்டுக்குப் போகிற பேருந்தில் என் மனைவி சொன்னாள்: "அவ முன்ன மாரி இல்லீங்க. மாத்திர மாத்தனதுலேர்ந்துதான். டாக்டராண்ட சொல்லுங்க."

பிள்ளையின் சேட்டையையெல்லாமா டாக்டரிடம் சொல்வார்கள் என்று கேட்டேன். எப்படி இருக்கிறாள் என்று டாக்டர் விசாரித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை, நோட்டை நீட்டினேன். பக்கம் பக்கமாகக் கோடுகள். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்று பாராட்டி, அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று முறை இப்படி நடந்தது. மாசியில், இனி அனுப்ப வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஆவணியில் நாங்கள் போனபோது அந்த டாக்டர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக ஒரு டாக்டரம்மா இருந்தார். நோட்டை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியில் ஏறிக்கொண்டிருந்த பிள்ளையையே பார்த்தார். பிறகு என்னிடம் கேட்கவில்லை, என் மனைவியிடம் கேட்டார். அவள் பேருந்தில் சொன்னதையே அங்கும் சொன்னாள். சில குழந்தைகளை இந்த மாத்திரை இப்படி ஆக்கிவிடும் என்றார் டாக்டரம்மா. மெல்ல மெல்லப் பழைய மாத்திரைக்கே திரும்பும்படி எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடைக்காரர் அதை உடனே எடுத்து வைத்தார். எப்போது வந்தது என்று கேட்டேன்.

"அது வந்து ஆறு மாசமாவுது பாய். நீங்க கேக்கவே இல்லியே."

புரட்டாசி முடிவதற்குள் அவள் பழையபடி ஆனாள். உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் விஷயத்தை விளக்கினேன், சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதெல்லாம் நீ செய்ததில்லை, மாத்திரை செய்தது, இனிப் பள்ளிக்கூடம் போகலாம் என்றேன்.

அவள் கேட்டாள்:

"மாத்திரதானே பண்ணுச்சு? அப்ப என்னிய எதுக்கு அத்தா அடிச்சே?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெரியாமல் அடித்துவிட்டேன் என்று சொன்னேன். அடுப்புப் பக்கத்திலிருந்த என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். மகள் சரியென்று தலையாட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போகவில்லை, அந்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும்.