ஜெசி உள்ளே விட்ட இரண்டு விரல் துணி

ஜெசி இறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை, சாலாக் செலாத்தானில் அவள் அண்ணன் வீட்டில். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இன்னும் நம்ப முடியவில்லை...

நான் முன்பு வேலை பார்த்த பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸில் என் பக்கத்து மேஜை. என் வயதுதான். எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வரி போதும்: பழைய காலத்து ஃப்ராக் போட்டுக்கொண்டு வருவாளே, அவள்தான்.

இடுப்பில் இறுக்கம், கீழே குடை மாதிரி விரியும் பாவாடை, இரண்டு பக்கமும் பாக்கெட். எல்லாம் அவளே தைத்தது. காலைப் பசியாறலுக்கு வாங்கிய கறிபப்கூட அந்தப் பாக்கெட்டில்தான் வரும்.

"என்னங்க, கருப்பு வெள்ளைப் படத்துல இருந்து எறங்கி வறீங்களா?" என்று யாராவது சீண்டினால் கோபமே வராது. "இல்ல பாஸ், கொமுட்டர்ல இருந்துதான் எறங்கி வரேன். டிரெயின் லேட்டு லா."

நாங்கள் இருவரும் தையல் வகுப்புக்குப் போனதே இல்லை. யூடியூப்தான். காஜாங்கில் பழைய துணி விற்கும் ஒரு பண்டல் கடையில் அந்தக்கால மாடல் ஃப்ராக் ஒன்றை வாங்கி, தையலைப் பிரித்துப் போட்டு, அதைப் பார்த்துத்தான் வெட்டினோம்.

ஜெசியின் முதல் ஃப்ராக் மஞ்சள் நிறம். வீடியோவில் வரும் வெள்ளைக்காரி தையலுக்கு வெளியே துளியூண்டு துணிதான் விடுவாள். இவளோ நம் வீட்டில் ரவிக்கை தைக்கிற வழக்கப்படி, எல்லாத் தையலிலும் இரண்டு விரல் துணியை உள்ளே விட்டுவிட்டாள்.

ரவிக்கைக்குச் சரி. இந்த ஃப்ராக்குக்கு இடுப்பைச் சுற்றி எத்தனை துண்டுகள்... போட்டுப் பார்த்தால் இடுப்பையே காணோம். உள்ளே தலையணை கட்டிய மாதிரி நின்றாள். நான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"வெட்டிப் போடுடி எல்லாத்தையும்."

"வெட்டினா திரும்ப ஒட்ட முடியுமா? ஒடம்பு இப்படியேவா இருக்கப் போவுது? பின்னால பிரிச்சு விட்டுக்கலாம் லா."

மடித்து, ஓரம் அடித்து, அயர்ன் பண்ணி எப்படியோ அடக்கினாள். அப்புறம் உடம்பு போடப் போட அதைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

அடுத்த மாதம் கிள்ளானில் எனக்குக் கல்யாணம். சர்ச்சுக்குப் போடும் கவுனை நானே தைக்கிறேன் என்று இந்தப் பக்கத்தில் முன்பே பீற்றியிருக்கிறேன். வெள்ளை சாட்டின், முழுக்கை, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, பழைய ஸ்டைல். முன்பக்கம் முடிந்துவிட்டது. பின்பக்கம்தான் பாடு. தன் முதுகுக்குத் தானே ஊசி குத்திக்கொள்ள முடியாதே.

அதற்குத்தான் போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெசி கிள்ளானுக்கு வந்தாள். வந்ததும் என்னை முதலில் உட்காரவைத்து வயிறு நிறையச் சாப்பிட வைத்தாள்.

"சாப்பிட்டு நில்லு. கல்யாணத்தன்னைக்கு நீ மட்டும் பட்டினியா கெடப்பியா?"

குண்டூசி குத்த ஆரம்பித்ததும் மறுபடியும் அதே சண்டை. சாட்டினில் உள்துணி வெளியே தெரியும், ஓரத்தை வெட்டிவிடலாம் என்று நான். விடவே மாட்டேன் என்று அவள்.

"ஒரு நாள் போட்டுட்டுப் பொட்டியில வைக்கவா தைக்கிற? வருசா வருசம் போடு. புள்ள பெத்துட்டுப் போடு. சாயம் ஏத்தி டின்னருக்குப் போடு."

இரண்டு விரல் விட்டு வரிசையாகக் குத்தி முடித்தாள். அவள் போனதும் நான் வெட்டிவிடுவேன் என்று தெரியும். அதனால் என் கத்தரிக்கோலையும் எடுத்து ஃப்ராக் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டாள். அதுதான் கடைசியாகப் பார்த்தது.

நேற்று அடக்கத்துக்கு அவளுக்கு அந்த மஞ்சள் ஃப்ராக்கைத்தான் போட்டிருந்தார்கள். போட்டுவிட்ட அவள் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரியா இருந்துச்சுமா. உள்ள இன்னும் கொஞ்சம் துணி பாக்கி இருக்கு."

பிறகு உள்ளே போய் என் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது ஒங்களதுதானே? அடுத்த வாரம் குடுக்கணும்னு வாசக்கிட்டயே வச்சிருந்தா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கவுனையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது வேணாம்மா. எறந்தவ கை கடைசியா பட்ட துணி. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. கடையில ரெடிமேட் வாங்கிக்கலாம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயம்தான். ஒரு நிமிடம் எனக்கும் அது தொற்றிக்கொண்டது. ஆனால் கவுனை மடித்து வைத்துவிட்டால் ஜெசி இரண்டாவது முறை போய்விடுவாள் என்று தோன்றியது.

"புள்ள பெத்துட்டும் போடணும்னு நெனச்சுதான் குத்தினாம்மா. அதுக்கு மேல என்ன நல்ல மனசு வேணும்?"

அம்மா தையல் மெஷின் பக்கம் போனார். "மெஷினுக்கு எண்ண விட்டியா?" என்று கேட்டார்.

இன்று மத்தியானம் தைத்து முடித்தேன். ஜெசி குத்திய கோட்டிலேயே, ஒவ்வொரு குண்டூசியாக எடுத்துக்கொண்டே... நிறைய அழுதேன். சாட்டினில் படாமல்தான். போட்டுப் பார்த்தேன். முதுகு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, சாப்பிட்ட வயிற்றோடு.

கத்தரிக்கோல் பத்திரமாக வந்து சேர்ந்தது ஜெசி.

நான் வெட்டவில்லை. போய் வாடி.